பத்துமலையும் முத்துமலையும்

வெளிநாட்டுச் சுற்றுலா முடியும் நாளில் ஆசிரியர்கள் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: “பார்த்ததை எழுதிக் கொடுங்கள்.” பாதிப் பிள்ளைகள் விமானத்தையும் சுத்தமான சாலைகளையும் வானுயர்ந்த கட்டடங்களையும் எழுதுவார்கள். தப்பே இல்லை. முதல் தடவை கண்ணில் படுவது அதுதானே!

போட்டிகளில் வெல்லும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை சில ஆண்டுகளாக வெளிநாடு அழைத்துச் செல்கிறது. 2022 நவம்பரில் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு ஒரு குழு போனது. 2025 பிப்ரவரியில் இன்னொரு குழு மலேசியா போய்வந்தது. அப்படியொரு குழுவில் சேலம் சூரமங்கலத்து மாணவி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் கடைசி இரவு, விடுதி அறையில் நோட்டைத் திறக்கிறாள். அவள் எழுத என்ன இருக்கிறது?

முதலில் பத்துமலை. மலேசியா போகும் தமிழர் பெரும்பாலும் தவறவிடாத இடம். பெயரைக் கேட்டு மலைகளை எண்ண ஆரம்பிக்க வேண்டாம். மலாய் மொழியில் ‘பத்து’ என்றால் கல். குகைக்கு ஏற 272 படிகள். அடிவாரத்தில் பொன்னிறத்தில் 140 அடி உயர முருகன், 2006-ல் எழுந்தவர். மற்ற ஊர்ப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து அசந்து நிற்க, சேலத்துப் பிள்ளைக்கு மட்டும் ‘இவரை எங்கேயோ பார்த்திருக்கோமே’ என்று தோன்றும். ஆத்தூர் போகிற வழியில், புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன் நிற்கிறாரே! 2022 ஏப்ரலில் குடமுழுக்கு கண்ட அவருடைய உயரம் 146 அடி. இரண்டு சிலைகளையும் செய்தவர் ஒரே சிற்பி, திருவாரூர் தியாகராஜன். ‘எங்க ஊர் முருகன் ஆறடி கூடுதல்’ என்று தோழிகளிடம் பெருமையடித்துக்கொள்ளலாம்.

ஆனால், அந்த ஊரில் இத்தனை தமிழர்கள் எப்படி? அதற்கான பதிலில் சேலமும் இருக்கிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அதிகமாக ஆள் சேர்த்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இந்த வறண்ட சமவெளியைக் கொடுமையாக வாட்டியது. அதற்குப் பிறகும் மழை பொய்த்துப் பிழைப்புக் கெட்ட குடும்பங்களுக்கு மலாயா ஒரு வழியாகத் தெரிந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் ஏறத்தாழ ஒரு வாரம் கடல், பிறகு பினாங்கு. விடியும் முன்னே எழுந்து பால் வெட்டும் வேலை. குடியிருக்க வரிசை வீடு, அதற்கு ‘லயம்’ என்று பேர். தோட்டக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு 1938-ல்தான் நிறுத்தியது. அவர்கள் ஒரு வாரம் கடந்த கடலை இந்தப் பெண் சென்னையிலிருந்து நான்கே மணி நேரத்தில் தாண்டியிருக்கிறாள்.

அடுத்தது அங்கே உள்ள தமிழ்ப்பள்ளிகள். 1816-ல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி இன்று 500-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடக்கிறது. ஆறு வருஷம்தான், அதன்பின் மலாய் வழி இடைநிலைப் பள்ளி. அதனால், எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று ஒவ்வொரு பெற்றோரும் யோசித்துத்தான் முடிவெடுக்கிறார்கள். தோட்டங்களை விட்டு ஜனம் நகரத்துக்குப் போய்விட்டதில், விரல்விட்டு எண்ணும் அளவுக்குப் பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிகளும் உண்டு. ‘தமிழ் மீடியமா?’ என்று சொந்தக்காரர்கள் இழுத்துக் கேட்பதை இங்கே கேட்டு வளர்ந்தவள், அங்கே ஒரு சின்னப் பையன் தமிழில் வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பாள். காலையில் அவர்கள் கேட்கும் கேள்வியையும் குறித்துக்கொள்வாள்: “பசியாறிட்டீங்களா?” சாப்பிட்டாயா என்பதற்கு எவ்வளவு அழகான சொல்!

ஊர் திரும்ப ரயில்தான். சேலம் ஜங்ஷன் இருப்பதே சூரமங்கலத்தில் என்பதால், இறங்கினால் வீடு பக்கம். தெருவில் எல்லோரும் கேட்பது “என்ன கண்ணு வாங்கியாந்தே?” சாக்லேட் டப்பா காலியாக ஒரு சாயங்காலம் போதும்.

அதற்குப் பிறகு அவள் பாட்டியிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: “நம்ம வீட்ல யாராச்சும் பினாங்கு போனாங்களா?” பல வீடுகளில் “தெரியலை கண்ணு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஏதோ ஒரு வீட்டில் பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லக்கூடும்: “எங்க அப்பாவோட தம்பி ஒருத்தரு போனாரு. கொஞ்ச நாளு கடுதாசி வந்துச்சு. அப்புறம் வரலை.”