ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி

"புராஜெக்ட் மேனேஜ்மென்ட்டெல்லாம் ஐடி கம்பெனிக்குத்தான்" என்று சொல்லும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியைப் பாருங்கள். நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். இதில் பல வேலைகள் வெளியே ஜாப் ஒர்க்கில் நடப்பவை. ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எது எப்போது முடிய வேண்டும் என்று மெர்ச்சண்டைசர் ஓர் அட்டவணை வைத்திருப்பார். ‘டைம் அண்ட் ஆக்‌ஷன்’ என்பார்கள். புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்பது அதுதான், வேறொன்றுமில்லை!

எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. ஹேங்டேக் வர இரண்டு நாள் பிந்தினால் பேக்கிங் வரை கவலையில்லை. துணி சாயப்பட்டறையில் நின்றுவிட்டால் கட்டிங் முதல் எல்லாமே நிற்கும். எந்தத் தாமதம் மொத்தத்தையும் இழுக்கும் என்று கணக்கிடும் ‘கிரிட்டிக்கல் பாத்’ முறை 1950களின் இறுதியில் டூபாண்ட் போன்ற பெரிய நிறுவனத்தில் உருவானது. ஆனால் பெரிய கம்பெனி தாமதத்தைத் தாங்கிக்கொள்ளும். சின்னவர் தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பினால் லாபம் அதிலேயே போய்விடும்.

சாஃப்ட்வேர் வாங்கச் சொல்லவில்லை. எக்செல் போதும். ஆனால் அந்தத் தேதிகளைத் தினமும் விசாரித்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும். அது முதலாளியாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி.