அந்த 'உஸ்ஸ்' எங்கே போச்சு?

போன மாதம் ஒரு காரியம் செய்தேன். ஏற்கெனவே கேசட், ஸி.டி., பென் டிரைவ் என்று மூன்று அவதாரத்தில் வீட்டில் இருக்கும் ஒரு இளையராஜா படப் பாட்டை, நாலாவது தடவையாகக் காசு கொடுத்து வாங்கினேன். இந்தத் தடவை எல்.பி. ரெக்கார்டு. அட்டையில் 'ரீமாஸ்டர் செய்யப்பட்டது' என்று பளபளவென்று ஸ்டிக்கர்! செஞ்சி வரைக்கும் உடையாமல் கொண்டுவந்து சேர்த்த கூரியர் பையனுக்கு டீ வாங்கிக் கொடுக்கலாம் போல இருந்தது.

என் மனைவி பில்லைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரே பாட்டுக்கு எத்தனை தடவைங்க தாலி கட்டுவீங்க?"

பதில் சொல்லவில்லை. மகள் வாங்கித் தந்த பிளேயரில் தட்டை வைத்து, முள்ளை இறக்கினேன். அடடா! புல்லாங்குழல்காரர் மூச்சு இழுப்பது கேட்கிறது. தபலாவில் விரல் எங்கே விழுகிறது என்பது கேட்கிறது. முப்பது வருஷமாக ஒரே கும்பலாகக் கேட்ட வயலின்கள், வரிசையாக நின்று வாசிக்கின்றன.

ஆனாலும்... ஏதோ குறைந்தது. ரெண்டு நாள் யோசித்தேன். உப்பா, காரமா, என்னவென்று பிடிபடவில்லை. மூன்றாம் நாள் ராத்திரிதான் பொறி தட்டியது. இதில் எங்க ஊர் ரெக்கார்டிங் சென்டர் அண்ணன் இல்லை!

இருபது வயசுக்காரர்களுக்கு ரெக்கார்டிங் சென்டர் என்றால் தெரியாது. 1986-ல் எங்களுக்கெல்லாம் எல்.பி. வாங்க ஏது வசதி? வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, ஒரு 60 நிமிஷக் கேசட்டோடு கடையில் கொடுத்தால், ஒரு வாரம் கழித்து - 'நாளைக்கு வா' என்று நாலு தடவை விரட்டிய பிறகு - பதிந்து தருவார். கடைக்குள் எக்கோ, ஹெச்.எம்.வி., இன்ரிகோ ரெக்கார்டுகள் சுவர் முழுக்க. நடுவில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு குதிக்கும் ஈக்வலைஸர். அதன் முன்னால் அண்ணன்.

"பேஸ் தூக்கலா வைக்கட்டா தம்பி?"

"வைங்கண்ணே."

"ராஜா போட்டது பாதிதான். மீதி நம்ம கையில!"

விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் நிஜம். அவர் தூக்கி வைத்த பேஸ், அவர் சேர்த்த லேசான எக்கோ, ஒரு பக்கம் 30 நிமிஷம் முடிந்ததும் கடைசிப் பாட்டைச் சரணத்தில் வெட்டிய வெட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிய அந்த 'உஸ்ஸ்'... இதெல்லாம் சேர்ந்ததுதான் நான் மனப்பாடம் செய்த பாட்டு. அதாவது, 'ஒரிஜினல்' என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததே, செஞ்சியில் ரீமாஸ்டர் ஆனது!

சரி, நிஜ ரீமாஸ்டர் என்றால் என்ன? ஸ்டுடியோவில் பாடகர், வயலின், டிரம் எல்லாவற்றையும் கலந்து கடைசியில் ஒரு டேப்பில் கொண்டுவருவார்கள். அதுதான் மாஸ்டர். அந்த டேப்பை நல்ல மெஷினில் திரும்ப ஓட்டி, கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, இரைச்சலைக் குறைத்து, பேஸ்-டிரெபிளைச் சரிப்படுத்தினால் ரீமாஸ்டர். தனித்தனி டிராக்குகளை எடுத்து மறுபடி கலந்தால் அது ரீமிக்ஸ். வேறொருவரைப் புதுசாகப் பாட வைத்தால் அது வேறே பாட்டு. அதற்கு ரீமாஸ்டர் என்று பெயரில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாஸ்டர் டேப் கிடைக்காதபோது, யாரிடமாவது இருக்கும் பழைய ரெக்கார்டிலிருந்து எடுத்துக் கீறல் சத்தத்தைத் துடைத்துத் தருவதும் நடக்கும். கல்யாணப் பெண்ணை விட்டுவிட்டு அவள் போட்டோவுக்கு மேக்கப் போட்ட கதை!

இன்னொன்று சத்தம். ஒரே பாட்டை ரெண்டு தடவை போட்டு, ரெண்டாவதைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால், 'ரெண்டாவதுதான் நல்லாயிருக்கு' என்று காது சொல்லும். இது மனுஷக் காதின் பலவீனம். 1982-ல் ஸி.டி. வந்ததற்குப் பின்னால், தொண்ணூறுகளில் உலகம் முழுக்க இந்தப் பலவீனத்தை வைத்துத்தான் வியாபாரம் நடந்தது. ஸி.டி.யில் சத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேலே போக முடியாது. அதனால் மெதுவான இடங்களைத் தூக்கி உச்சத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தாலாட்டு மாதிரி தொடங்க வேண்டிய பாட்டும் ஆடி மாதத்துக் குழாய் ஸ்பீக்கர் மாதிரி தொடங்கும். முதல் பாட்டு பிரமாதம், மூன்றாவது பாட்டில் தலைவலி. அப்படி ஒரு ரீமாஸ்டர் ஸி.டி. என்னிடமும் இருக்கிறது. (கம்பெனி பெயர் வேண்டாமே!)

ஒழுங்காகவும் செய்ய முடியும். பீட்டில்ஸ் பாட்டுகளை லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் நாலு வருஷம் உட்கார்ந்து ரீமாஸ்டர் செய்து, 2009 செப்டம்பர் 9-ல் வெளியிட்டார்கள். ஸ்டீரியோவில் ஒரு பெட்டி, மோனோவில் ஒரு பெட்டி. முதலில் மோனோவில் கேட்டவர்களுக்கு மோனோவும் உரிமைதான் என்ற மரியாதை!

எங்க ஊர்க்காரனுக்கு இதெல்லாம் புரியாத விஷயமில்லை. செஞ்சிக் கோட்டையை நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள், 1677-ல் வந்த சிவாஜி, 1698-ல் பிடித்த மொகலாயர்கள், 1750-ல் நுழைந்த பிரெஞ்சுக்காரர்கள் என்று ஆளாளுக்குக் கொஞ்சம் கட்டியும் இடித்தும் வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம்கூட முழுசாக ஆளாத தேசிங்கு ராஜன் பெயரைத்தான் ஊர் சொல்கிறது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தாயிற்று. சரிகிற சுவரை நிறுத்தி, கல்லிடுக்கில் சுண்ணாம்புக் காரை வைத்தால் 'நல்ல வேலை' என்போம். கல்யாண மஹாலுக்கு டிஸ்டெம்பர் அடித்து சீரியல் பல்பு மாட்டினால் சும்மா விடுவோமா? பாட்டுக்கும் அதே சட்டம்தான்.

இப்படியெல்லாம் தெளிந்த பிறகும் அந்தப் பழைய கேசட்டை ஒரு தடவை கேட்க ஆசை. பரணில் ஏறி எடுத்தேன். தெரிந்த ரிடையர்டு வாத்தியார் ஒருவரிடம் டூ-இன்-ஒன் இரவல். பென்சில் விட்டுச் சுற்றி, தளர்ந்த நாடாவை இறுக்கி, போட்டேன்.

உஸ்ஸ்... முதல் பாட்டு. ரெண்டாவது பாட்டு. நடுவில் 'டக்'.

"டேய்... இது எத அமுக்குனா நிக்கும்? சோறு ஆறிப் போவுதுடா..."

மறுபடி 'டக்'. பாட்டு தொடர்ந்தது.

அப்பா!

மறந்தே போயிருந்தேன். ரெக்கார்டு செய்த கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால், அதன் மேல் வேறெதுவும் பதியாது. நான் உடைக்கவில்லை. பாட்டை நிறுத்தப் போய் அப்பா சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டார். ஜானகியம்மாவின் ஆலாபனையில் ஆறு விநாடி காலி. அதற்காக ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

அப்பா போனது 2005-ல். அவர் குரல் வேறு எதிலும் இல்லை. என் கல்யாண வீடியோவில் வருவார், வாய் அசையும். ஆனால் வீடியோக்காரர் மேலே சினிமாப் பாட்டு போட்டு ரொப்பிவிட்டார்.

கேசட்டை அண்ணன் பையனிடம் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னேன். ஏற்றினான். "சித்தப்பா, ஒரே இரைச்சலா இருக்கு. ஒரு நிமிஷம், க்ளீன் பண்ணிடறேன்" என்று எதையோ தட்டினான். உஸ்ஸ் போயிற்று. கூடவே அப்பா குரலும் கிணற்றுக்குள்ளிருந்து தகர டப்பாவில் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது.

"வேணாம்டா. இருக்கிறபடியே விடு."

ஆக, என் தீர்ப்பு இதுதான். ரீமாஸ்டர் வாங்கலாமா? உங்களிடம் நல்ல நிலையில் பழைய ரெக்கார்டோ ஸி.டி.யோ இருந்தால் அவசரம் வேண்டாம். தேய்ந்த கேசட் மட்டும்தான் என்றால் வாங்குங்கள்; ஆனால் மாஸ்டர் டேப்பிலிருந்து எடுத்ததா என்று அட்டையில் தேடிப் பாருங்கள். பழசையும் புதுசையும் ஒரே சத்தத்தில் வைத்து, எது எதுவென்று தெரியாமல் யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் புதுசுதான் நன்றாக இருந்தால், கொடுத்த காசு தகும்.

அதற்கு முன்னால், பரணில் இருக்கும் கேசட்டுகளை இறக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். நாடா வருஷா வருஷம் உதிர்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. ராஜா பாட்டை எந்தக் கம்பெனியாவது மறுபடி போடும். மற்றதை யார் போடுவார்கள்?

அன்றைக்கு அதை ஸ்பீக்கரில் போட்டபோது, சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா குரல்ல?"

அப்புறம் மெதுவாக, "இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

எல்.பி. விலையைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.