குயிலாப்பாளையத்து ஓட்டுக் கடை

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்துகொண்டிருந்தேன். சித்திரை வெயில். பாத்திகளில் தண்ணீர் வற்றி உப்பு பூத்திருந்தது. மரப்பலகையால் வாரிக் கரையில் சேர்த்த குவியல்களைக் கீற்று போட்டு மூடியிருந்தார்கள். சாலையோரப் புளியமரத்தடியில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தவர், வாங்கியதைப் பனையோலையில் பொதிந்து அந்த ஓலையையே கிழித்துக் கட்டிக் கொடுத்தார். கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கலாம், ஒரு சுளைகூட நழுவாது. ஆரோவில்லில் கைவினைப் பொருள்களைப் பார்க்கத்தான் புறப்பட்டிருந்தேன். முதல் கைவினை வழியிலேயே, விலைச்சீட்டு இல்லாமல், கைக்கு வந்துவிட்டது.

புதுச்சேரி எல்லைக்குச் சற்று முன்னால் பெரிய முதலியார்சாவடி. அங்கே வலது பக்கம் திரும்பினால் ஆரோவில் சாலை. கடல் பின்னால் போகப் போக மண் சிவக்கிறது, சாலை லேசாக மேடேறுகிறது. ஆட்டோ ஓட்டி வந்த தம்பியிடம், இங்கே விற்கிற சாமான்களை யார் செய்கிறார்கள் என்று கேட்டேன். "எல்லாம் வெள்ளக்காரங்க செய்யறதுதான் சார். நம்ம ஆளுங்க வாட்ச்மேன், தோட்ட வேலை, அவ்ளோதான்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் எதிரும் புதிருமாகப் பெண்கள் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போய்க்கொண்டிருந்தார்கள். காலை எட்டரை இருக்கும். ஹேண்டில் பாரில் சாப்பாட்டுப் பை, தலையில் மல்லிகை. சாலையை விட்டுச் செம்மண் தடங்களில் இறங்கி, மரங்களுக்குள் இருந்த பட்டறைகள் பக்கமாகப் போனார்கள். தம்பி சொன்னதை அங்கேயே ஒதுக்கி வைத்துவிட்டேன்.

1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் பிரதிநிதிகள் ஆளுக்கு ஒரு பிடி மண்ணைத் தாழியில் இட, ஆரோவில்லைத் தொடங்கிவைத்தார் அரவிந்தர் ஆசிரமத்து ஸ்ரீ அன்னை. அப்போது இந்த மேட்டுநிலம் மழை அரித்து வாய்க்கால் வாய்க்காலாகக் கிடந்த பொட்டல். இன்றைக்குச் சாலையின் இரு பக்கமும் காடு. ஆனால் குயிலாப்பாளையம், எடையன்சாவடி, ஆலங்குப்பம், இரும்பை, பொம்மையார்பாளையம் ஆகியவை அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே இருக்கிற ஊர்கள். இரும்பை மாகாளேசுவரர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம். ஆரோவில்லின் பட்டறைகளில் நாள்தோறும் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊர்க்காரர்கள்தான். பலகைகளில் இருக்கும் பெயர்களைப் பார்த்தால் இது தெரியாது.

குயிலாப்பாளையத்தில் இறங்கிக்கொண்டேன். கடைத்தெரு முழுக்க வாடகை ஸ்கூட்டரும் தளர்வான பருத்திக் கால்சட்டையும் காகித விளக்குமாகத் தொங்குகின்றன. ஒரு கடையில் "எல்லாமே கையால செஞ்சது சார்" என்று ஒரு மண் புத்தர் தலையை எடுத்து நீட்டினார்கள். 250 ரூபாய். திருப்பிப் பார்த்தேன். இரண்டு காதுகளுக்கும் பின்னால் நேர்கோடாக ஓர் ஒட்டு ஓடியது. அடுக்கில் இருந்த மற்ற மூன்று தலைகளிலும் இடது காதுமடலில் அதே இடத்தில் அதே சின்னப் பள்ளம். ஒரே அச்சில் வார்த்தவை. அச்சில் வார்ப்பதில் குற்றமில்லை, அதுவும் ஒரு தொழில்தான். அச்சு என்று சொல்லி விற்றால் போதும்.

பெரிய சாலையை விட்டு ஒரு சந்துக்குள் போனபோதுதான் அந்தக் கடை கண்ணில் பட்டது. பெயர்ப்பலகை கிடையாது. நாட்டு ஓடு போட்ட வீடு, முன்னால் இரண்டு பக்கமும் திண்ணை. ஒரு திண்ணையில் கூடைகளும் முறங்களும் சாய்த்து வைத்திருக்க, இன்னொன்றில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து ஓலை முடைந்துகொண்டிருந்தார். "வாங்க தம்பி, உள்ள போய்ப் பாருங்க, நான் வரேன்" என்றார். கை நிற்கவில்லை.

உள்ளே நடுவில் ஓர் ஓட்டைக் கழற்றிக் கண்ணாடி வைத்திருந்தார்கள். அந்த வெளிச்சம் நேராக ஒரு பெஞ்சின் மேல் விழுந்தது. ஊதுபத்தி வாசனையும் பழைய காகித வாசனையும் சாணம் மெழுகிய தரையின் வாசனையும் சேர்ந்து வந்தன. சரிவான மூடி போட்ட மரக் கல்லாப்பெட்டி, மேலே ஒரு நாற்பது பக்க நோட்டு, பொதிந்து கொடுக்க நாளிதழ்க் கட்டு. ஏசி கிடையாது, பாட்டு கிடையாது. விலையெல்லாம் துண்டுக் காகிதத்தில் பேனாவால் எழுதியது.

முதலில் எடுத்தது டம்ளர் வைக்கிற வட்டத் தட்டு. 40 ரூபாய். நாளிதழை நீளவாக்கில் மடித்து, சுருட்டி, பசை தடவிச் சுற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் சுற்றுக்குள் 'ழ'வும் 'ற'வும் பாதிப் பாதியாகத் தெரிகின்றன. தரையில் போட்டு மிதித்தால்கூடத் தாங்கும் போலிருந்தது. இந்த வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலோர ஊர்களின் பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் முயற்சிகள் இங்கே பல நடந்தன. பழைய நாளிதழிலிருந்து பொருள் செய்யும் வெல்பேப்பர் அப்படிப் பிறந்ததுதான். கற்றுக்கொண்டவர்களின் கைகளிலிருந்து வித்தை சுற்றுப்பட்ட வீடுகளுக்கும் போயிருக்கிறது. இந்தத் தட்டு யார் செய்தது என்று அம்மாவைக் கேட்டேன். "பின் தெருப் பொண்ணு. மூணு வருஷம் பட்டறைல இருந்துச்சு. கொழந்த பொறந்ததும் வூட்டுலயே சுத்துது" என்று பதில் வந்தது. கடையில் எதை எடுத்துக் கேட்டாலும் இப்படித்தான், ஒரு தெருவும் ஓர் ஆளுமாகச் சொன்னார்.

அடுத்து பீங்கான் கோப்பைகள். பட்டறைகளில் சிறு குறை என்று ஒதுக்கியதை வாங்கி வைத்திருக்கிறார், ஒன்று 120 ரூபாய். சாம்பல் பச்சையில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். அடியில் மெருகு ஏறாத வளையம். சக்கரத்திலிருந்து கம்பியால் அறுத்து எடுத்த சுவடு அதில் சங்குச் சுழி மாதிரி பதிந்திருந்தது. கைப்பிடி உடலைத் தொடுகிற இடத்தில் ஒரு கட்டைவிரல் அழுத்தம். என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், என்னுடையதைவிடச் சின்ன விரல். புத்தர் தலையில் நான் தேடியது இதைத்தான்.

இந்த வகைப் பாண்டம் இந்தப் பக்கத்துக்கு வந்தது 1971இல். மட்பாண்டக் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். விறகுச் சூளையை 1,200 டிகிரிக்கும் மேலே ஏற்றி, தண்ணீர் ஊறாத கெட்டிப் பாண்டமாகச் சுடும் முறை அது. மண்பானை செய்யும் நம் வேளார்களின் சூளை அந்தச் சூட்டுக்குப் போவதில்லை, போக வேண்டிய தேவையும் இல்லை. பானையில் தண்ணீர் குளிர்வதே அது கசிவதால்தான். அந்தப் பழைய மரபு வில்லியனூரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே செய்யும் சுடுமண் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இந்தக் கடையில் இரண்டும் ஒரே அடுக்கில் இருந்தன, மேல் தட்டில் மெருகுக் கோப்பை, கீழ்த் தட்டில் சுடுமண் யானை.

துணிக் கொடியில் நீலமாக ஒரு துண்டு தொங்கியது. அவுரிச் சாயம் என்றார் அம்மா. சொன்னதோடு விடாமல் கைக்குட்டையை நனைத்து ஓரத்தைத் தேய்த்தேன். லேசாக நீலம் ஏறியது. "தேய்ங்க தேய்ங்க, மொத ரெண்டு தொவைக்கு விடும். அப்புறம் ஒட்டிக்கும்" என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது. அவுரி இலையை ஊறவைத்து, நீரைக் கடைந்து, அடியில் படியும் நீலத்தை எடுத்து, அதைத் தொட்டியில் நொதிக்க வைத்துத்தான் துணியை முக்குவார்கள். தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி பச்சையாகத்தான் வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். இந்த வட்டாரத்துக்கு அது புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து நீலத்துணி கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் போயிற்று. பிற்காலத்தில் அந்த வியாபாரம் சாய்ந்துபோயிற்று. திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் அவுரி விளைகிறது. ஆரோவில்லிலேயே 1990களிலிருந்து இயற்கைச் சாயத் தொட்டிகள் இருக்கின்றன. துண்டு 350 ரூபாய். எடுத்துக்கொண்டேன்.

மற்றவை ஊதுபத்தி, மெழுகுவத்தி, கைக்காகித நோட்டு, கம்பளிநூலில் பின்னிய முயல். பார்த்தேன், நல்லவைதான். திரும்ப வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். கடையின் சிறந்த சாமான் அங்கேதான் செய்யப்பட்டுக்கொண்டிருந்தது.

ஓலைப் பெட்டி. குருத்தோலையை வெட்டி வந்து, நிழலில் காயவைத்து, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்துக்கு வார்ந்து வைத்திருந்தார். அளவுகோல் எதுவும் கிடையாது. ஓலையை இடது பெருவிரல் நகத்தில் ஏற்றிப் பிடித்து, கத்தியை அசைக்காமல் ஓலையை இழுக்கிறார். பத்துப் பட்டைகளை அடுக்கி வைத்துப் பார்த்தேன், ஒரு நூல் வித்தியாசம் தெரியவில்லை. ஈரத்துணியில் சுற்றி வைத்து, வேண்டும்போது ஒன்றொன்றாய் உருவுகிறார். அடி முதலில் சதுரமாக ஆரம்பித்து, மேலே வர வர வட்டமாகிறது. அந்தத் திருப்பம் எப்படி நடக்கிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. மெதுவாக மறுபடி செய்து காட்டச் சொன்னேன். "மெதுவா செஞ்சா எனக்கே வராது" என்று சிரித்தார்.

மூடியோடு ஒரு பெட்டி 80 ரூபாய்.

ஒரு நாளைக்கு எத்தனை முடைவீர்கள் என்று கேட்டேன். "முன்ன மூணு. இப்ப கண்ணு செரியில்ல, ரெண்டுதான்." ஓலைக்கு மரம் ஏறுகிறவருக்குக் காசு கொடுக்க வேண்டும். ஏறுகிறவர்களும் குறைந்துபோனார்கள். ஓலைச் செலவு போக நாளுக்கு 120, 130 ரூபாய் கையில் நின்றால் அதிகம். நூறு நாள் வேலைக்குப் போனால் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். அதை அவரிடம் சொல்லத் தேவையிருக்கவில்லை, அவரே சொன்னார். மகளுக்கு இந்த வேலை தெரியும், செய்வதில்லை, ஊதுபத்திப் பட்டறைக்குப் போகிறாள், அங்கே மாதச் சம்பளம் வருகிறது என்றார். மகள் செய்தது சரி. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அந்த மரத்தின் ஓலையைப் பெட்டியாக்கும் கைக்கு ஒரு நாள் கூலி தேறவில்லை என்பதுதான் சரியில்லை.

அங்கிருந்து பார்வையாளர் மையம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். நிழல் இருந்ததால் நடந்தேன். சுடாத மண்கல்லை அழுத்திச் செய்து, வளைவு வளைவாகக் கட்டிய கட்டடம். ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கென்று எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரில் தரும் பன்னாட்டு விருதை 1992இல் பெற்றது. வெளியே அனல் வீச, வளைவின் கீழே நின்றால் குளுமை. அங்கிருக்கும் கடைகளில் ஆரோவில் பட்டறைகளின் பொருள்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. 1976இலிருந்து நடக்கும் மரோமாவின் ஊதுபத்திகள், ஸ்வரம் பட்டறையின் காற்றுமணிகள், காகித விளக்குகள், ஜாம் பாட்டில்கள். நெசவு, தையல், மெருகு எல்லாமே தரம். திருப்பித் திருப்பிப் பார்த்தும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. விலை ஓட்டுக் கடையைப்போல மூன்று நான்கு மடங்கு. பட்டறைக்கு வாடகை, சம்பளம், வரி எல்லாம் உண்டு, அந்த விலை எனக்கு அநியாயமாகப் படவில்லை. விலைச்சீட்டில் பட்டறையின் பெயர் இருக்கிறது. செய்தவரின் பெயர் இல்லை. அதையும் சேர்த்து அச்சடிக்கச் செலவு ஒன்றும் கூடுதலாகாது. கல்லாவில் இருந்த பெண்ணிடம் ஒரு பையைக் காட்டிக் கேட்டதும், "இது தைக்கிற எடத்துலதான் எங்க பெரியம்மா இருக்காங்க" என்று முகம் மலர்ந்து சொன்னார். தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்கிறவர்கள்தான் குறைவு.

சுனாமிகா பொம்மையை அங்கே பார்த்தேன். விரல் நீளத்துக்கும் குறைவான துணிப்பொம்மை, தையல் மிச்சத் துண்டுகளில் செய்தது. சுனாமிக்குப் பிறகு 2005இல், ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்பு நிலையத்தில் உமா பிரஜாபதி தொடங்கிய முயற்சி. கடலைப் பார்க்கவே அஞ்சிக் கிடந்த மீனவப் பெண்களின் கையில் ஊசியையும் துணியையும் கொடுத்து உட்காரவைத்தார்கள். பொம்மைக்கு விலை கிடையாது. கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், மனமிருந்தால் உண்டியலில் போடலாம், செய்த பெண்களுக்கு அந்த நன்கொடையிலிருந்து கூலி. இப்படியே லட்சக்கணக்கில் உலகமெங்கும் போயிருக்கிறது. என் உள்ளங்கையில் இருந்ததற்கு ஒரு கண் லேசாக மேலேறியிருந்தது. அடுத்ததற்கு வாய் கோணல். ஒன்றுபோல் ஒன்று இல்லை.

மாலையில் திரும்பும்போது மறுபடி சந்துக்குள் போய் இரண்டு ஓலைப் பெட்டிகள் வாங்கினேன். ஒன்றுக்கு 150 என்று கொடுத்தபோது அம்மா வாங்க மறுத்து, 80 கணக்குப் போட்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார். இன்னும் இரண்டு பெட்டி வாங்குவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

நீங்கள் ஆரோவில் போனால் மாத்ரிமந்திர் தியான மண்டபத்தைப் பார்த்துவிட்டு உடனே பஸ் பிடிக்காதீர்கள். குயிலாப்பாளையத்துச் சந்துகளில் அரைமணி நேரம் நடங்கள். கையில் எடுக்கும் பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள், எந்த ஊர், யார் செய்தது என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்த இடத்தில் வாங்குங்கள். ஓலைப் பெட்டிக்குப் பேரம் பேசாதீர்கள். கார்டு தேய்க்கும் இயந்திரம் அந்தத் திண்ணையில் இல்லை, சில்லறை நோட்டு எடுத்துப் போங்கள்.