மாலை சுற்றிப் பிறந்தவள்

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி வந்தபோது தம்பிகள் நாங்கள் மூன்று பேரும் அரசு மருத்துவமனை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து வந்த அத்தை, பிள்ளை எத்தனை கிலோ, அழுததா என்று எதுவும் சொல்லவில்லை. “மாலை சுத்திப் பொறந்திருக்கு. மாமனுங்க யாரும் இப்ப உள்ள போவாதீங்க” என்றார்.

நாங்கள் போகவில்லை. தோழர்களே, இதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். எங்களில் ஒருவர் சமூகவியலில் முதுகலை முடித்தவர் (இதை எழுதுவதும் அவர்தான்). இன்னொருவர் கல்லூரிக் காலத்தில் மூடநம்பிக்கை எதிர்ப்புக் கூட்டங்களுக்குச் சுவரொட்டி ஒட்டியவர். மூன்றாம் நாள், தட்டில் நல்லெண்ணெய் ஊற்றி அதில் தெரிந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகே நேரில் பார்த்தோம். அம்மாவின் மனசுக்காக என்று சொல்லிக்கொண்டோம். கொஞ்சம் எங்களுக்காகவும்தான்.

அடுத்த மாதம் கடைசித் தம்பி வண்டியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். சாலையில் இருந்த பள்ளத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எல்லாருடைய கண்ணும் தொட்டிலுக்குப் போனது. அதற்குப் பிறகு நாங்கள் வந்தாலே அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார். பிறப்பை வைத்து ஒருவரைத் தீட்டு என்பதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசுகிறவர்கள், சொந்த வீட்டில் ஒரு கைக்குழந்தையைப் பிறப்பை வைத்தே ஆகாதவள் ஆக்கியிருந்தோம்.

அப்புறம்தான் நர்ஸாக இருக்கும் ஒரு தோழியிடம் உட்கார்ந்து கேட்டோம். ஏறக்குறைய நான்கைந்து பிரசவங்களில் ஒன்றில் கொடி கழுத்தைச் சுற்றியிருக்குமாம். கொடியின் நீளமே சுமார் 50 செ.மீ.; பிள்ளை உள்ளே புரண்டுகொண்டே இருக்கிறது; சுற்றும், தானே அவிழவும் செய்யும். வயிற்றில் பிள்ளை மூக்கால் மூச்சு விடுவதில்லை. கொடியில் ஓடும் ரத்தம்தான் அதன் மூச்சு. அதனால் கழுத்து நெரிவது என்ற பேச்சே பொருந்தாது. கொடி நசுங்குகிறதா என்பதுதான் கேள்வி. உள்ளிருக்கும் மூன்று ரத்தக் குழாய்களைச் சுற்றி வழவழப்பான ஒரு பொருள் மெத்தைபோல இருப்பதால் பெரும்பாலும் நசுங்குவதில்லை. இறுக்கமாகச் சுற்றியிருந்தால் பிரசவ வலியின்போது அழுந்தி, பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கலாம். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டியது அது. வலி நேரத்தில் அதை விடாமல் கேட்டுக்கொண்டிருக்க ஆள் வேண்டும். பிறந்ததும் அழாவிட்டால் முதல் நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுக்கத் தெரிந்த கை வேண்டும். எங்கள் காலனிப் பெண்களுக்கு இந்த இரண்டும் கிடைத்தனவா என்று அதுவரை நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தோழி இரண்டு விரலைக் கொடிக்கு அடியில் விட்டுத் தலைவழியாகத் தூக்கி எடுப்பதைக் கையால் செய்து காட்டினார். அம்மாவுக்கு உடனே ஆயா ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஆயா மருத்துவச்சி. ஊர்த்தெரு வீடுகளுக்குப் பின்வாசல் வழியாகப் போய்க் கொடி அறுத்தவர். அது தீட்டு வேலை என்பதால் அவருக்கு விட்டார்கள். கூலி கொஞ்சம் நெல்லும் ஒரு பழைய சேலையும். அந்த வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார்ந்ததில்லை.

“மாலை சுத்தியிருந்தா ஆயா என்னம்மா சொல்லும்?” என்று கேட்டோம்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். “புள்ள கத்துச்சா, பால் குடிக்குதான்னு பாக்கும். மாமன பத்தியெல்லாம் அது பேசி நான் கேட்டதில்ல.”

அக்காவுக்கு இப்போது மறுபடியும் எட்டு மாதம். ஸ்கேனில் இந்தப் பிள்ளைக்கும் ஒரு சுற்று என்று வந்திருக்கிறது. தனியாரில் சேர்த்து ஆபரேஷன் பண்ணிவிடலாம், கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர் ஒருவர் தினமும் போன் செய்கிறார். சுற்று இருப்பது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது என்று தோழி சொன்னதை அவரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம். பிள்ளையின் அசைவு குறைந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறோம். அவர் காலண்டரில் குறித்து வருகிறார்.

அத்தை நல்லெண்ணெய் பற்றி இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார். இந்த முறை நேராக உள்ளே வருவோம் என்று அவரிடம் சொல்லிவிட்டோம். அவர் இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.