வழித்துணை

ஓசூர் எல்லைப்புற ஊர். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தெலுங்கும், அடுத்த வீட்டில் கன்னடமும், அதற்கடுத்த வீட்டில் உருதும் ஒலிக்கும். தொழிற்பேட்டையிலிருந்து மாலையில் திரும்பும் பேருந்தில் எல்லா மொழிகளும் நெருங்கி நின்றே பயணம் செய்யும். இத்தகைய ஊரில் வளர்ந்த என் மகன், பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பெங்களூரில்தான் படிப்பேன் என்றான். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் என் நெஞ்சம் இசையவில்லை.

காரணம் உண்டு. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது தமிழ்க் குடும்பங்கள் பல உடுத்திய துணியோடு எல்லை கடந்து வந்தன. 2016 செப்டம்பரில் தமிழகப் பதிவெண் தாங்கிய வண்டிகள் பெங்களூரில் எரிந்தன. பயணிகள் அத்திப்பள்ளி எல்லையை மூட்டை முடிச்சுகளுடன் நடந்தே கடந்தனர். ஆகவே, 1951இல் சலேசியத் துறவியர் தொடங்கிய திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியையே என் மனம் நாடியது. நம் மொழி, நம் வழிபாடு, நம் மக்கள். அவனுக்கு ஏற்ற சூழல் அதுவே என்று வாதிட்டேன்.

"அப்பா, நீங்கள் தேடுவது எனக்கேற்ற கல்லூரியா, உங்கள் அச்சத்துக்கேற்ற கல்லூரியா?" என்று கேட்டான்.

மறுமொழி சொல்ல இயலாமல், ஒரு வேலைநாளில் அவனுடன் பெங்களூர்க் கல்லூரி ஒன்றைக் காணச் சென்றேன். அறிவிப்புப் பலகைகளைப் படித்தோம். உணவகத்தில் யார் யாரோடு அமர்கிறார்கள் என்று கவனித்தோம். அங்கே ஒரு மேசையில் மாணவர் சிலர் காவிரி நீர்ப் பங்கீட்டைப் பற்றியே வாதிட்டுக்கொண்டிருந்தனர். தெருவில் கற்ற கன்னடத்தில் என் மகன் தயங்கித் தயங்கித் தன் கருத்தைச் சொன்னான். ஒருவன் கடுமையாக மறுத்தான். மறுத்தவனே நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தான்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பயின்றவர்தாம் என்று திரும்பும் வழியில் மகன் நினைவூட்டினான். என் நினைவோ தோபித்திடம் சென்றது. மகனை நெடும்பயணம் அனுப்புமுன், வழித்துணையாக வந்த இளைஞரிடம் எந்தக் குலம், எந்தக் குடும்பம் என்று அவர் விசாரித்தார். எதிரில் நின்றவர் வானதூதர் இரபேல் என்பதை அவர் அறியவில்லை. தந்தையின் கேள்வியில் தவறில்லை. ஆனால் குலத்தை விசாரித்தால் மட்டும் துணையை அறிந்துவிட முடியாது.

எல்லாரும் நம்மைப் போலவே எண்ணும் இடம்தான் நமக்கேற்றது என்று நம்பியிருந்தேன். மாறாகப் பேசுபவனுக்கும் இருக்கை கிடைக்கும் இடமே ஏற்றது என்று இப்போது எண்ணுகிறேன். அத்தகைய இருக்கை திருப்பத்தூரிலும் இருக்கலாம். நான் அங்கே தேட நினைத்தது அதையன்று என்பதே என் குறை.

மகன் இப்போது நாள்தோறும் எல்லை கடந்து பெங்களூர் சென்று வருகிறான். தோபியாவின் தாய் அன்னா, மகன் சென்ற வழியையே பார்த்திருந்தாள் என்று திருநூல் கூறுகிறது. காவிரிச் செய்தி வரும் நாள்களில் நானும் வாயிற்படியில்தான் அமர்ந்திருக்கிறேன்.