சீட்டைக் கழற்றிய பிறகு

மாமாவுக்கு நான் 6,200 வெள்ளி கடன்பட்டேன். அவர் ஒருநாளும் அதைக் கடன் என்று சொன்னதில்லை. கணக்குப் போட்டவன் நான்தான். பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் ஓர் அலுவலகத்தில் முப்பது வருஷமாக ஊரார் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். சொந்தக் கணக்கில் கோட்டைவிட்டது ஐம்பத்தொன்றாவது வயதில், ஒரு பள்ளிக்கூட பஸ்ஸால்.

பஸ் அம்மாவின் தம்பியுடையது. பழைய ஹினோ. விடிகாலை நாலே முக்காலுக்கு எழுந்து, காப்பார், மேரு பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிள்ளான் தமிழ்ப்பள்ளியில் இறக்குவார். மத்தியானம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். 2020 மார்ச் 18ஆம் தேதி நாடு அடைக்கப்பட்டபோது அந்த வண்டி நின்றது. பள்ளிகள் திறந்த பிறகு மறுபடி ஓடியது, ஆனால் மாமா பழைய மாமாவாக ஓட்டவில்லை. 2024 பிப்ரவரியில் கிள்ளானை மாநகரமாக அறிவித்து ஊரெங்கும் பதாகை கட்டிய சமயம், பள்ளித் தவணையும் முடிய, "போதும்டா" என்று சாவியைக் கழற்றி வைத்துவிட்டார்.

அந்தச் சாவிமேல் எனக்கு ஏன் கண் விழுந்தது என்றால், அதற்கு 2021 டிசம்பர் 18க்குப் போக வேண்டும். தாமான் ஸ்ரீ மூடாவில் வாடகைக்கு இருந்தோம். அன்றைய வெள்ளத்தைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. எங்கள் பங்குக்கு, கீழ்த்தளம் முழுக்கப் போனது, ஒரு ராத்திரி மாடியில் உட்கார்ந்திருந்தோம், மறுநாள் சாயங்காலம் முன்பின் தெரியாத இளைஞர்கள் படகில் வந்து இறக்கினார்கள். தண்ணீர் முடிகிற இடத்தில் மாமாவின் பஸ் நின்றுகொண்டிருந்தது. எத்தனை மணி நேரமாக நின்றார் என்று கேட்கவில்லை. இருட்டிவிட்டது, அன்றைக்கு அந்த பஸ்ஸிலேயே படுத்தோம், நானும் மனைவியும் மகளும் பக்கத்து வீட்டார் இரண்டு குடும்பமும். ரெக்சின் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு, பழைய சாப்பாட்டு டப்பா வாடையோடு, அப்படி ஒரு தூக்கம். வீடு முழுகிப்போனவனுக்கு வந்த தூக்கம் அது. அதற்குப் பிறகு எந்தப் படுக்கையிலும் எனக்கு அந்த மாதிரி வரவில்லை.

கிள்ளானில் வேறு வாடகை வீடு பார்த்து வந்தோம். இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்காரர், மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார். வங்கிக்குப் போனேன். என் வயதைப் பார்த்தார்கள், எழுபது வயதுக்குள் முடிகிற மாதிரி தவணை போட்டார்கள், அந்தத் தவணையை என் சம்பளம் தாங்காது என்று அவர்களே சொல்லி அனுப்பினார்கள். காப்பியாவது கொடுத்தார்கள்.

அப்போதுதான் கைப்பேசியில் அந்த அமெரிக்கர்கள் வந்து சேர்ந்தார்கள். பழைய பள்ளி பஸ்ஸை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, புத்தக அலமாரி என்று மரவேலை செய்து குடியிருக்கிறவர்கள். அதற்கு 'ஸ்கூலி' என்று செல்லப்பெயர். கோமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகிற நேரம் முழுக்க அதையே பார்ப்பேன். 1939இல் ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூட்டம் போட்டு அவர்களுடைய பள்ளி பஸ்ஸின் மஞ்சள் நிறத்தை முடிவு செய்தார் என்பதுவரை மத்தியான சாப்பாட்டில் சக ஊழியர்களுக்குப் பாடம் எடுத்தேன். நம் பக்கத்து உதாரணமும் சேர்த்து வைத்தேன். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020இல் மூணாறு பணிமனையில் பழைய பஸ்களுக்குள் படுக்கை போட்டு, ஆளுக்கு 100 ரூபாய்க்குச் சுற்றுலாப் பயணிகளைத் தங்க வைத்தது. சிங்கப்பூர் சாங்கியில் 2023 டிசம்பரில் 20 பழைய பஸ்களை அறைகளாக்கி ஒரு தங்கும் விடுதியே திறந்துவிட்டார்கள். ஊரே செய்கிறது, நான் செய்தால் என்ன?

அந்த உதாரணங்களில் ஒரு விஷயம் என் கண்ணில் படவே இல்லை. மூணாற்றில் பஸ் நின்றது கழகத்தின் சொந்தப் பணிமனையில். சாங்கியில் நின்றது விடுதிக்கென்று ஒதுக்கிய நிலத்தில். படுத்தவர்களும் காலையில் எழுந்து தங்கள் வீட்டுக்குப் போகிறவர்கள்.

மாமாவிடம் கேட்டேன். தொழிற்சாலை ஆள் ஏற்றுகிற ஒருவர் 13,000க்குப் பேசிவிட்டுப் போயிருந்தார். எனக்கென்றால் 9,000 போதும் என்றார் மாமா. 2,000 முன்பணம் கொடுத்தேன். சாவியைக் கையில் வைக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்:

"அவசரப்படாத மாப்ள. சீட்டு இருக்குறவரைக்குந்தான் அது பஸ்ஸு."

ஏதோ பாசத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் பேசியது விலை.

மனைவியிடம் பொய் சொன்னேன். மாமா வண்டியை விற்க உதவி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் காப்பார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் கிடந்தேன். பஸ்ஸை அங்கே நிறுத்தியிருந்தோம். இருபத்திரண்டு இரட்டைச் சீட்டு. துரு பிடித்த ஆணிக்கு எண்ணெய் விட்டு, வராததை வெட்டும் இயந்திரத்தால் அறுத்து, ஒவ்வொன்றாக வெளியே தூக்கிப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக உடம்பு வேலை செய்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தரைப் பலகையைப் பெயர்த்தபோது அடியில் பென்சில் துண்டு, தலை கிளிப்பு, ஒரு பால் பல் (சத்தியமாக), கைநிறைய ஒரு சென் காசு. 2008இல் கடைகளில் சில்லறையை ஐந்து சென்னுக்கு முழுமையாக்க ஆரம்பித்த பிறகு ஒரு சென்னை யார் தேடினார்கள்? அப்படியென்றால் அவை அதற்கு முந்தைய பிள்ளைகளுடையவை. பலகைக்குக் கீழே இரும்பு, பப்படம் மாதிரி விரலுக்கு உடைந்தது.

சீட்டுகள் போனபின் உள்ளே நின்று பார்த்தேன். முப்பதடி நீளம், ஏழரை அடி அகலம். நடுவில் நின்றால் என் தலைக்கும் கூரைக்கும் நாலு விரல். மூன்று மணி வெயிலில் அம்மாவின் அறை வெப்பமானியை எடுத்துப்போய்த் தொங்கவிட்டேன்: 43. கூரைக்குப் பஞ்சு அடைக்க வேண்டும். அடைத்தால் அந்த நாலு விரலும் போய்விடும். அமெரிக்கர்கள் வீடியோவில் குளிருக்கு அடுப்பு மூட்டிக் கம்பளியோடு உட்கார்ந்திருந்தது அப்போது ஞாபகம் வந்தது.

மனைவி எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். கையில் இருந்த காயம் காரணம் என்று நினைக்கிறேன். சண்டை போடுவாள் என்று தயாராக இருந்தேன். பஸ்ஸுக்குள் ஏறி முன்னேயிருந்து பின்னேவரை ஒருதரம் நடந்துவிட்டு, "குளிக்கிறது எங்க?" என்றாள். பதில் வரவில்லை என்றதும், "ஒரு ராத்திரி படுத்துப் பாப்போம்" என்றாள். படுத்தோம். பத்து மணிக்கு மழை பிடித்தது. தகரத்தில் கிள்ளான் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்கவில்லை. மழை விட்டதும் கொசு. நாட்டிலேயே டெங்கி அதிகம் இருக்கும் மாநிலத்தில், செம்பனை மட்டையில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் காட்டோரம், சன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாத வண்டி. இரண்டு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினோம். வெள்ளத்தன்று வந்த தூக்கம் அந்த பஸ்ஸிலிருந்து வந்ததில்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் பணம் போட்டால் சரி செய்யலாம் என்றுதான் அப்போதும் சொல்லிக்கொண்டேன். விசிறி, கொசுவலை, தண்ணீர்த் தொட்டி என்று தாளில் பட்டியல் போட்டேன். நில விஷயத்தைப் பட்டியலின் கடைசியில் எழுதியிருந்தேன்.

நிலத்துக்காரர் நல்ல மனிதர். மாதம் 250 வெள்ளி கொடு, நில்லு என்றார். "எழுத்துல மட்டும் ஒண்ணும் வேணாம் தம்பி." பத்திரத்தில் அது விவசாய நிலம். நம் நாட்டில் 1965 நிலச் சட்டப்படி விவசாயம், கட்டடம், தொழில் என்று பத்திரத்திலேயே வகை போட்டிருக்கும். நினைத்ததை நினைத்த இடத்தில் வைக்க முடியாது. ஓர் ஊராட்சி அலுவலக முகப்பில் போய் விசாரித்தேன். அங்கிருந்த மலாய்க்கார அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் ஒரே கேள்வி கேட்டார்: "அபாங், சக்கரம் இருக்கா?"

அந்தக் கேள்விக்குள் எல்லாம் அடக்கம். சக்கரத்தோடு இருந்தால் அது வாகனம். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்குக் கீழே வரும். பள்ளி பஸ்ஸாகப் பதிந்ததைப் படுக்கை வண்டியாக மாற்ற சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும், வாகனச் சோதனை வேண்டும், ரோட் டாக்ஸ், காப்புறுதி வேண்டும். துருப்பிடித்த தரையோடு எந்தச் சோதனைக்குப் போவது? சக்கரத்தைக் கழற்றிக் கல்மேல் உட்கார வைத்தால் கட்டடம் என்ற கேள்வி வரும். 1974 தெரு, வடிகால், கட்டடச் சட்டம், வரைபடம், அனுமதி. மின்சார மீட்டருக்கும் தண்ணீர் மீட்டருக்கும் நிலத்துக்காரர் எழுத்தில் ஒப்ப வேண்டும். அவரோ எழுத்தே வேண்டாம் என்கிறவர். அந்த அம்மா கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு அலுவலகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். தவறு என்று அவர் சொல்லவில்லை. முதலில் இவர்களைக் கேட்டிருக்கலாமே என்று அவர் முகம் சொன்னது.

சீட்டைக் கழற்றி ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அம்மாவை அழைத்துப்போய்க் காட்டியது அதற்கு அடுத்த ஞாயிறு. எழுபத்துநாலு வயது. பால்மரம் வெட்டியவள். ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டு, அப்பா ஓய்வு பெற்றபோது லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவள். கைப்பிடியைப் பிடித்து ஏறி, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"நல்லாத்தான்யா இருக்கு. யாரு மண்ணு இது?"

சொன்னேன்.

"அவரு எழுந்திரின்னா?"

"ஓட்டிக்கிட்டுப் போயிருவேம்மா. அதான வசதி."

"எங்க?"

அம்மா விவாதம் செய்கிறவள் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குச் சொல்ல ஓர் ஊர்ப் பெயர் வரவில்லை.

தாத்தா கதை ஒன்று வீட்டில் உண்டு. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போக, லயங்களில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி வாங்கி, அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்க ஆரம்பித்தார். ஏழு மாதம் தாத்தா கட்டினாராம். அப்புறம் அத்தைக்குக் கல்யாணம் வந்தது, நிறுத்திவிட்டார். அந்த மனிதரின் பெயர் போட்ட சாலையில் முப்பது வருஷமாகத் தினம் நடக்கிறேன். பக்கத்திலேயே ரயில்வே தொழிலாளிகளுக்குக் கட்டிய நூறு குவார்ட்டர்ஸ் இருந்தது, நூறாண்டுக்கு மேற்பட்ட வரிசை வீடுகள். அதை இடித்த நாட்களில் வேலியோரம் நின்று படம்கூட எடுத்தேன். வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும் என்று அலுவலகத்தில் பெரிய மனுஷன் மாதிரி பேசியதும் நினைவிருக்கிறது. லயத்திலிருந்து எங்களை எழுப்பியபோது வீட்டில் குறை ஒன்றும் இல்லை. கூரை இருந்தது, சுவர் இருந்தது, அப்பா வைத்த முருங்கை இருந்தது. அதெல்லாம் தெரிந்தவன்தான் கூரையையும் சுவரையும் வாங்கிவிட்டு மண்ணைப் பட்டியலின் கடைசியில் எழுதினேன்.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். தொழிற்சாலைக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "சீட்டு எங்க?" என்றார். புல்லில் மழையில் கிடந்தன. பஞ்சு ஊறி நாற்றம். திரும்பப் பூட்ட ஆகிற செலவைச் சொன்னார். பிறகு வாங்கவில்லை என்றும் சொன்னார். ஆகஸ்டில் இரும்புக்காரரை அழைத்தோம். எடைக்கு 4,800.

லோரி வந்த அன்று மாமா பஸ்ஸுக்குள் ஏறி, ஓட்டுநர் தலைக்கு மேலே நெகிழித் தாளில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். பிள்ளைகளை ஏற்றும் இடங்கள், வரிசையாக, அவர் கையெழுத்தில். ஆறாங்கட்டை. ஆயாக் கொட்டகை முச்சந்தி. பழைய ஆலை. மாரியம்மன் கோயில் மேடு. அந்த இடங்களில் பாதியில் இப்போது தாமான்கள் நிற்கின்றன. வேறு பெயர், வேறு வாசல். பிள்ளைகளுக்கும் மாமாவுக்கும் மட்டும் பழைய பெயர் போதுமானதாக இருந்திருக்கிறது. அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வா, பசியாறிட்டு வரலாம்" என்றார். ரொட்டி சானாய்க்கு அவரே பணம் கொடுத்தார்.

இப்போது மேருவில் மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறோம். நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. கடன் மகள் பெயரில். அவள் வயதுக்கு வங்கி முப்பத்தைந்து வருஷம் கொடுத்தது. அம்மா மாடியேற முடியாததால் மாமா வீட்டில் இருக்கிறாள். இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

13,000இல் இரும்பு விலை 4,800ஐயும் முன்பணம் 2,000ஐயும் கழித்தால் 6,200. மாதம் 200 வீதம் 31 மாதம். முதல் மாதம் கையில் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அதனால் வங்கியில் போட்டுவிடுகிறேன். போட்டதும் தொலைபேசியில் அழைப்பேன். "வந்துச்சு" என்பார், வைத்துவிடுவார். பதினேழு மாதம் ஆகியிருக்கிறது.