இலை போட அவர்களையும் கூப்பிடுங்கள்

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள வாலிபர்களுக்காக நம் சபைகளில் ஜெபிக்கிறோம். அவர்களிடம் ஒரு வேலையும் கேட்பதில்லை. பலவீனமாகத் தெரியும் அவயவமே அவசியமானது என்று 1 கொரிந்தியர் 12-இல் பவுல் வாதிடுகிறார். அதை நம்பினால், அவர்கள் உதவி பெற மட்டும் வருகிறவர்கள் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சமூகத்தில் சேர்ந்து வாழ்வதை உரிமை என்றே சொல்கிறது.

ஆராதனைக்கு இடைஞ்சல் வரும் என்பார்கள். கூட்டமும் ஸ்பீக்கர் சத்தமும் சிலரைக் கலங்கடிக்கும், உண்மைதான். அதனால்தான் வேலையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்: ஆலயம் அமைதியாக இருக்கும்போதே பெஞ்சுகளில் பாட்டுப் புத்தகம் வைப்பது, அசனப் பந்தியில் ஒரு வரிசைக்கு இலை போடுவது. வாராவாரம் அதே வேலை, அதே துணையாள். பெற்றோருக்குக் கூடுதல் சுமை என்பதையும் ஏற்க முடியவில்லை. அப்படியொரு துணையாள் இருந்தால்தான் அந்தத் தாய் நிம்மதியாக உட்கார்ந்து பிரசங்கம் கேட்க முடியும். பந்தி கொஞ்சம் தாமதமாகும். ஆகட்டுமே.